பலகையை இறக்கிய சாயக்காரன்

தம்பியைக் கொன்றவன் மோட்சம் போவதா நரகம் போவதா என்பது உன் கையில் இருந்தால், நீ என்ன செய்வாய்? தெதால்தோவின் கதையைச் சொன்னவர்கள் என்னிடம் இதைக் கேட்டார்கள்.

அந்தக் காலத்து ஃப்ளோரன்ஸ் நகரில் தூக்குக்குப் போகிறவன் தனியாகப் போவதில்லை. இதற்கென்றே இருந்த கிறிஸ்தவ சபையிலிருந்து, முகத்தை மறைக்கும் கறுப்பு முக்காடு போட்ட ஒருவர் கூடவே போவார். சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவை மையால் வரைந்து ஒட்டிய பலகையை அவன் கண்ணுக்கு நேரே பிடித்திருப்பார். அதைப் பார்த்து மனம் வருந்திச் செத்தால் மோட்சம். கடைசிப் பார்வை தூக்குமரத்தில் விழுந்தால் நரகம். ஊர் அப்படித்தான் நம்பியது.

சாயப் பட்டறைத் தொழிலாளி தெதால்தோ பதினோரு வருடம் அந்தப் பலகையைப் பிடித்தவன். அன்றைய கைதி செக்கோ, மதுக்கடை வாசலில் தெதால்தோவின் தம்பி லாப்போவின் வயிற்றைக் கிழித்தவன். வேறு ஆளை அனுப்புகிறோம் என்று சபையில் சொன்னார்கள். தெதால்தோ மறுத்துவிட்டான். ஏணியின் கடைசிப் படியில் பலகையை இறக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தான்.

தூக்குமரத்துக்குக் கொண்டுபோகும் வண்டியில் வைத்தே, பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் செக்கோவின் மார்புச் சதையைப் பிய்த்தார்கள். கூட்டம் கல்லெறிந்தது. பலகையைப் பிடித்திருந்த நீல நகங்களைச் செக்கோ கவனித்தான்.

"சாயக்காரண்ணே, நீதானா? முக்காடு போட்டா தெரியாதுன்னு நெனச்சியா?"

"பேசாத. படத்தப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அவருக்கு அஞ்சு காயம். எனக்கு இப்பவே ஏழு ஆச்சு."

"நாயே, என் தம்பி சாகும்போது யாருடா படம் காட்டுனா?"

செக்கோ படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாரும் காட்டல. அம்மான்னு கத்துனான். அதக் கேட்டுக்கிட்டேதான் ரெண்டாவது குத்து குத்துனேன்."

ஏணியில் ஏற்றி அவன் கழுத்தில் கயிற்றை மாட்டினார்கள். தெதால்தோ பலகையை இறக்கினான்.

செக்கோ மரத்தைப் பார்க்கவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டான். "நீ எறக்குவேன்னு தெரியும்ணே. அதான் வழி பூரா பாத்து மனசுல ஏத்திக்கிட்டேன்."

தூக்குப் போடுகிறவன் ஏணியைத் தட்டிவிட்டான்.

"பலகைய எறக்கிட்டான்டா, பாவி!" என்று யாரோ கத்தினார்கள். செக்கோவுக்காகக் கொண்டுவந்த கற்கள் எல்லாம் தெதால்தோ மேல் விழுந்தன. முக்காட்டுக்குள்ளேயே அவன் இடது கண் உடைந்து வழிந்தது. சபை அவனை விலக்கியது.

அதன்பிறகும் பல வருடம் அவன் ஒற்றைக் கண்ணோடு சாயத் தொட்டியில் வேலை செய்தான். செக்கோ மோட்சம் போயிருப்பானா என்று பட்டறையில் யாராவது சீண்டினால், "போயிருந்தா லாப்போவப் பாத்திருப்பான். ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டாங்களோ" என்பான்.

இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது, தெதால்தோ கையை இறக்கியதை மறைத்துவிடாதீர்கள்.