கீழ்பென்னாத்தூர் அக்காவின் வழக்கு

தேர்தலில் ஜெயித்ததும் நான் செய்த முதல் வேலை, திருவண்ணாமலையில் என் ஆபீஸில் இருந்த வழக்குக் கட்டுகளை வேறு வக்கீல்களிடம் ஒப்படைத்ததுதான். வழக்குக்காரர்கள் எல்லோரும் வெற்றி லட்டைத் தின்றுவிட்டுப் புது வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கீழ்பென்னாத்தூர் அக்கா மட்டும் மாட்டேன் என்றார்.

அப்பா விட்டுப்போன மல்லாட்டை (நிலக்கடலை) நிலத்தில் பங்கு கேட்டு அண்ணன்கள்மேல் அவர் போட்ட வழக்கு. ஒன்பது வருடமாக வாய்தாவுக்குமேல் வாய்தா. எந்த வாய்தாவையும் தவறவிடக்கூடாது, வந்து நின்றால்தான் வழக்கு நிற்கும் என்று நான்தான் அவரை விரட்டிக்கொண்டே இருப்பேன். ஒருவழியாக அடுத்த மாதம் அவருக்குக் குறுக்கு விசாரணை. எதிர்தரப்பு வக்கீலோ சாட்சிகளைக் குழப்புவதில் பேர் போனவர்.

எனக்காக வெயிலில் வீடு வீடாக ஓட்டுக் கேட்டவர் அக்கா. நான் எம்.பி. ஆகிவிட்டால் ஜட்ஜிடம் ஒரு வார்த்தை சொன்னாலே போதும் என்று நினைத்திருக்கிறார். அப்படியெல்லாம் வாயே திறக்கக் கூடாது என்று விளக்கினேன்.

"அப்போ என் வக்கீலை நானே ஓட்டு போட்டு டெல்லிக்கு அனுப்பிட்டனா?"

எனக்குச் சுருக்கென்றது. அவரை விட்டுப்போக மனசில்லை, ஆனால் டெல்லி ஆசை அதைவிட ஜாஸ்தி என்று உண்மையையே சொன்னேன். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவருடைய விசாரணை நாளில்தான் சபையில் என் முதல் பேச்சு. வாரக்கணக்கில் மனப்பாடம் செய்திருந்தேன். என் முறை வருவதற்குள் கூச்சல் கிளம்பி, சபையை ஒத்திவைத்துவிட்டார்கள். சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன்.

இரண்டு மணி நேரம் கூண்டில் நின்றாராம். கல்யாணத்தில் போட்ட நகைதானே உன் பங்கு என்று அந்த வக்கீல் மடக்கப் பார்த்தாராம். அண்ணன்களுக்கும்தான் அப்பா கல்யாணம் செய்தார், அந்தச் செலவை யார் பங்கில் கழித்தீர்கள் என்று இவர் திருப்பிக் கேட்டாராம். கோர்ட்டே சிரித்ததாம். எனக்கு ஒரே சந்தோஷம். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"நீங்க பேசிட்டீங்களா வக்கீலம்மா?"

ஒத்திவைத்துவிட்டார்கள் என்றேன்.

"வாய்தாவா? பரவால்லமா. அடுத்த வாய்தாவுக்குப் போய் நின்னுடுங்க. நின்னாதான் கேஸ் நிக்கும்."