பூட்டுக்கு வைத்த குங்குமம்

ஒரகடத்தில் ஆயுத பூஜை காலை. மூடிக் கிடக்கும் தொழிற்சாலை வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். இங்கே வேலை பார்த்த செல்வி, கேட்டின் பூட்டுக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைக்கிறார்.

“பூட்டுக்கா பூஜை?” என்கிறேன்.

“வேற இன்னா பண்றது சார்? திரும்ப வேலை குடுன்னு லேபர் கோர்ட்டுல ஜெயிச்சோம். அதுக்குள்ள கம்பெனி திவாலுன்னு மும்பைல கேஸு. அது முடியிற வரைக்கும் இந்தத் தீர்ப்பு நடக்காம அப்படியே நிக்கணுமாம்.”

“ஃபேக்டரி இங்கதானே இருக்கு?”

“ஃபேக்டரி இங்க. கம்பெனிய பதிஞ்சது அங்க.”

இங்கே ஜெயித்த வழக்கு அங்கே வரிசையில் நிற்கிறது.

செல்வி குங்குமத்தைக் கம்பி வழியே உள்பக்கம் நிற்கும் காவலாளியிடம் நீட்டுகிறார். “ஷெட்டுக்குள்ள என் மெஷினுக்கும் வச்சுடுண்ணா.”

காவலாளி கை நீட்டவில்லை. “எனக்கும் ஷெட்டுக்குள்ள போக ஆர்டர் இல்லம்மா.”