இடதுகைக் கிட்டார்

என் தாய்மாமன் புத்தூரில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடையில் வேலை செய்தார். கிட்டாரில் ஒரு பாட்டுகூட வாசிக்கத் தெரியாது. நான் ஆறாவது படித்த வருஷம், எங்கள் நாகலாபுரம் வீட்டு மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அவரே ஒரு எலக்ட்ரிக் கிட்டார் செய்தார்.

புதிதாக வாங்க அவருக்குக் கட்டுப்படியாகாது. பக்கத்து வீட்டுக் கதவுக்கு அறுத்ததில் மிஞ்சிய வேப்பம்பலகை கிட்டாரின் உடம்பானது. அதை இஸ்திரி போடும் பலகை என்று நினைத்த என் நைனா, அதற்குக் கால் எப்போது வைப்பாய் என்று விசாரித்தார். கழுத்து, திருப்பதியில் உடைந்துபோன கிட்டார் ஒன்றிலிருந்து கிடைத்தது. தந்திகள் பார்சலில் வந்தன. தந்தியின் அதிர்வை வாங்கும் காயிலும் அதோடு வந்தது; மலிவுச் சரக்கு, வரும்போதே செத்துப்போயிருந்தது. மாமா அதைப் பிரித்து, முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியால் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பச் சுற்றினார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் வேலை. பைக்குகளுக்குப் பெயின்ட் அடிப்பவர் மயில்கழுத்து நிறம் அடித்துக் கொடுத்தார்.

எல்லாம் பூட்டிய பிறகுதான் வலம் இடமாக மாறியிருப்பதைக் கவனித்தேன்.

"மாமா, திருப்பிச் செஞ்சிட்டுக்கீற."

"எடது கையால வாசிக்கறவங்களுக்குடி இது. திருப்பதியில ஒருத்தங்க கீறாங்க. மத்தவங்க கிட்டாரத் தலகீழா புடிச்சிக்கினு வாசிக்கிறாங்க, பாவம்."

எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்த ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவராம். அன்றைக்கு அவர்களுடைய ஸ்பீக்கர் ஒயர் கருகியபோது மாமாதான் போய்ச் சரிசெய்தாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிட்டாரோடு திருப்பதிக்குப் பஸ் ஏறினோம். அங்கே அலிபிரி பக்கம் ஒரு மாடியறையில் அந்த ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். மாமா சொன்ன இடதுகைக்காரர் ஓர் அக்கா; நாங்கள் கொண்டுபோன கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள். மாமா குனிந்து ஒயரைச் செருகினார். அவள் வாசித்தாள், நிறுத்த மனமில்லாமல் வாசித்தாள். அவ்வளவு நேரமும் மாமா ஒயர் செருகிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவரிகோசம், யாருக்காக செஞ்சீங்க இத?" என்று அவள் பாதித் தெலுங்கில் கேட்டாள்.

"வேற ஒருத்தரு செய்யச் சொல்லியிருந்தாரு. இப்ப வேணாம்னுட்டாரு. நீங்க வெச்சிக்கினா வீணாப் போவாது."

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா என் தோளை அழுத்தினார். அவள் மாமாவின் பெயரைக் கேட்டதற்கு, தான் வேலை செய்யும் கடையின் பெயரைச் சொன்னார்.

பஸ்ஸில் எனக்கு அந்தப் பொய்யால் கோபம். விரல் தோல் உரியத் தேய்த்ததெல்லாம் எவரோ வேண்டாம் என்று விட்ட பொருளா? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரேணிகுண்டா தாண்டியதும் மாமா மெதுவாகக் கேட்டார்.

"வாசிக்கறப்ப அவங்க மூஞ்சி எப்படி இருந்துச்சி?"

கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், உதட்டோரம் சிரிப்பு இருந்தது என்றேன். புத்தூரில் பஸ் நின்றபோது மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். நாகலாபுரத்தில் இறங்கி நடக்கும்போது, கண்ணைத் திறக்கவே இல்லையா என்றார். அவ்வளவு பக்கத்தில் நின்றவர் தானே பார்த்திருக்கலாமே, என்னை ஏன் இப்படி நச்சரிக்கிறார் என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.