ராணித் தலை ரூபாயும் ஒரு கட்டுப் பனங்கிழங்கும்

என் மாமா பழைய காசு வாங்கி விற்பவர். அம்மாவுக்குத் தம்பி, கல்யாணம் ஆகும்வரை அரியலூரில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தார். சைக்கிளில் ஊர் ஊராகப் போய், பரணிலும் அடுக்குப்பானையிலும் கிடக்கும் காசுகளை விலை பேசி வாங்கி வருவார். வாங்கிய காசை எந்தக் காரணத்துக்காகவும் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது என்பது அவருடைய முதல் விதி. கறுப்பு போனால் விலையும் போய்விடும் என்பார். அம்மா குத்துவிளக்கு துலக்க உட்காரும் நாட்களில் காசுப் பெட்டி கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும்.

எனக்குப் பதினோரு வயது. என் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும் என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்தக் கார்த்திகை மாதம், கொள்ளிடம் காட்டுகிறேன் என்று சொல்லி மாமா என்னைத் திருமானூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். ஆற்றைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். அதன்பிறகு ஊருக்கு வெளியே தனியாக இருந்த ஒரு வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டுக்காரர் சுடுகாட்டு வேலை பார்ப்பவர். இறந்தவர் நெற்றியில் ஒரு காசை வைத்து எடுத்துப்போவது எங்கள் பக்கத்து வழக்கம். எரிக்கும் முன் அந்தக் காசு அந்த வேலை பார்ப்பவருக்குச் சேரும். அவர் ஒரு சிறிய கலயத்தைக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து விழுந்தவை எல்லாம் விக்டோரியா ராணியின் தலை போட்ட வெள்ளி ரூபாய்கள்.

“எங்கப்பாரு காலத்துலேர்ந்து கெடக்குதுங்க. கடையில குடுத்தா வாங்கமாட்டாங்க. எந்த நெத்தியிலேர்ந்து வந்துச்சுன்னு ஊருக்கே தெரியுமே” என்றார் அவர்.

“காசுக்கு ஏதுய்யா தீட்டு? எனக்கு அதெல்லாம் கிடையாது. தை மாசம் பெரம்பலூர்ல கண்காட்சி நடக்குது. இதையெல்லாம் கண்ணாடிக்குள்ள வைக்கப்போறேன். நீயே வந்து பாரு” என்றார் மாமா.

அவர் சிரித்தார். இப்படி ஒருத்தர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன் என்றார். எனக்கும் மாமாவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அவர் மகளுக்கு என் வயதுதான். நாங்கள் இரண்டு பேரும் வேப்ப மரத்தடியில் அஞ்சாங்கல் ஆடினோம். பக்கத்தில் பனங்கொட்டை புதைத்த மண்மேடு இருந்தது. எனக்குப் பனங்கிழங்கு என்றால் உயிர். உள்ளே கிழங்கு இருக்குமா என்று கேட்டேன். “இன்னும் எறங்கல பாப்பா. தையிலதான் தோண்டணும். தோண்டுனதும் உனக்கு ஒரு கட்டுத் தரேன். பச்சையாவே தரேன், உங்க வூட்லயே அவிச்சுக்கலாம்” என்றார் அவர். ஏன் பச்சையாக என்று நான் யோசிக்கவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது மாமா என் தோளைத் தொட்டு, “எங்க வாங்குனோம்னு அம்மாகிட்ட மூச்சு விடாத” என்றார்.

கண்காட்சிக்கு அட்டை எழுதும் வேலை எனக்கு வந்தது. மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். ராணித் தலை ரூபாய்களுக்கான அட்டையில், ‘ரஞ்சன்குடிக் கோட்டை அருகே கண்டெடுக்கப்பட்டவை’ என்று எழுதச் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். “எழுது. படிக்கிறவங்களுக்கு நல்லா இருக்கணும்ல” என்றார். ‘கோட்டை’ என்ற சொல்லுக்கு மட்டும் சிவப்பு மை தொட்டு எழுதினேன். அழகாக வந்திருந்தது.

கண்காட்சி சனியும் ஞாயிறும் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மாமாவுக்கு அதுதான் முதல் கண்காட்சி. சனிக்கிழமை வேடிக்கை பார்ப்பவர்கள்தான் வந்தார்கள். குழந்தையின் அரைஞாணில் கோக்க ஓட்டைக் காலணா கேட்டு வந்த பெண்களைத் தவிர வேறு யாரும் எதுவும் வாங்கவில்லை. அன்று இரவு மாமா சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, திருச்சிக் கண்காட்சியில் யாருக்கு மேசை கொடுப்பது என்று முடிவு செய்கிறவர் வந்தார். வங்கியில் பெரிய அதிகாரி. மனைவியும் கூட வந்திருந்தார். அதிகாரி அட்டையைப் படித்துவிட்டு எங்கள் மேசை முன் நின்றுவிட்டார். கழுத்தருகே சின்ன வெட்டு விழுந்த ராணி ரூபாயை மனைவி கையில் எடுத்துப் பார்த்து, பூஜை அறையில் வைக்கலாம் என்றார். “திருச்சிக்கு உங்க பேரைச் சொல்லிடறேன்” என்று அதிகாரி சொல்ல, மாமா கைகூப்பினார்.

அந்த நேரத்தில்தான் திருமானூர்க்காரர் வந்தார். வெளுத்த வேட்டி, தலை படிய எண்ணெய், ஒரு கையில் துணிப்பை, மறுகையில் மகள். கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, அதிகாரியின் மனைவி கையிலிருந்த காசையும் பார்த்தவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

“கழுத்துல வெட்டு இருக்குதே, அது நம்ம வூட்டு ராணிதான் புள்ள” என்று மகளிடம் சொன்னார். பிறகு மாமாவிடம், “சொன்னாப்பல வச்சுட்டீங்களே ஐயா” என்றார்.

அவர் மகள் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். “கோட்டைன்னுல்லப்பா போட்டுருக்கு.”

அதிகாரி திரும்பினார். “நீ குடுத்ததா? உனக்கு எங்க கெடைச்சுது?”

அவர் மனைவி காசை உள்ளங்கையில் வைத்தபடி நின்றார். மாமாவின் காதுகள் சிவந்துவிட்டன. திருமானூர்க்காரரை நேராகப் பார்த்து, “யாருய்யா நீ? உன்ன நான் பாத்ததே இல்லையே” என்றார்.

அவர் மாமாவைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். பாப்பாவும் வந்திருந்ததே, பாப்பாவைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். நான் அட்டைகளை எடுத்து ஓரம் தட்டி அடுக்க ஆரம்பித்தேன். அவை ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

“வேற காசுங்க” என்றார் அவர். “எங்கூட்டுது இதவிடச் சின்னது. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.”

“இல்லப்பா, இதாம்ப்பா” என்றாள் மகள்.

“வாடி.”

“ராணிக்கு வாரிசு கெளம்பி வந்துட்டான்யா” என்றார் அதிகாரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நான் சிரித்தேனா என்று அன்று நான் எழுதிய டைரியில் இல்லை. சிரிக்கவில்லை என்றும் அதில் இல்லை. அந்தச் சிறுமி வாசல்வரைக்கும் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். காசு விலைபோனது. திருச்சிக்கு மாமாவின் பெயரையும் எழுதிக்கொண்டார்கள்.

சாயங்காலம் மேசைகளை மடக்கும்போது, எங்கள் மேசையின் காலோரம் பனை நாரால் கட்டிய ஒரு கட்டுப் பனங்கிழங்கு இருந்தது. மண் உதிராத பச்சைக் கிழங்கு. மாமா அதைப் பார்த்தார். “யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க, எடுத்துக்க” என்றார். அம்மா மஞ்சளும் உப்பும் போட்டு அவித்துக் கொடுத்தார். வயிறு சரியில்லை என்று மாமா ஒன்றைக்கூடத் தொடவில்லை. நார் உரித்து உரித்து நான்தான் தின்றேன்.

அன்று எழுதியதை இப்போதும் வைத்திருக்கிறேன். அடித்தல் திருத்தல் இல்லாத, அந்த அட்டையில் இருந்த அதே எழுத்து:

‘திருமானூர்க்காரர் வந்தார். நல்லவேளை, அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பாவம், கண்ணும் சரியில்லை, ஞாபகமும் இல்லை. கொண்டுவந்த கிழங்கைக்கூட எங்கள் மேசையடியில் மறந்துவிட்டுப் போய்விட்டார்.’