ஏலக்காரரின் மேல்வரிசைப் பல்

யாராவது பேசினால் அவள் கண்ணைப் பார்க்கமாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள். காய்கறிக் கடைக்குப் போனாலும் சரி, வீட்டுக்கார அம்மாவிடம் நின்று பேசினாலும் சரி, அவள் பார்வை நேராக எதிராளியின் மேலுதட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். எதிராளி சிரித்துவிட்டால் போதும், தலையை லேசாகச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்ப்பாள். தெரியாதவர்கள் கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொள்வார்கள். கூச்சமும் இருந்தது. ஆனால் பல் செட் செய்து பிழைக்கிறவளுக்குப் பார்வை வேறெங்கே போகும்?

"என் கண்ணு எப்படி இருக்கும்னு கேட்டுப் பாருங்க, முழிப்பா," என்று அவள் கணவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான். "எந்தக் கடைவாய்ப் பல்லு சொத்தைன்னு கேளுங்க, தூக்கத்துல கூட சொல்லுவா."

ஊரில் அவளுக்குப் பெயர் பல்லக்கா. அதை வைத்தவர் பல் ஆஸ்பத்திரிக்கு எதிரே கடை போட்டிருக்கும் தையல்காரம்மா. ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முன்னறையில் டாக்டரம்மா, நடுவில் ஒரு திரை, பின்னறையில் பல்லக்கா. அவள் மேஜை ஜன்னலை ஒட்டியிருக்கும். அங்கிருந்து பார்த்தால் தெரு முழுக்கத் தெரியும். அந்த மேஜைக்காகத்தான் அவள் நகரத்தை விட்டு வந்தாள் என்று சொன்னால் அவள் அண்ணன் இன்றைக்கும் நம்பமாட்டார்.

நகரத்தில் அவள் வேலை பார்த்தது பல் செட் செய்கிற பெரிய லேப். அண்ணன்தான் சேர்த்துவிட்டார். அச்சுகளைக் கழுவுகிற வேலையில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல மெழுகில் பல் அடுக்குகிற மேஜைக்கு வந்து சேர்ந்தாள். எங்கெங்கோ இருக்கும் டாக்டர்கள் வாயின் அச்சை எடுத்து பிளாஸ்டிக் டப்பாவில் அனுப்புவார்கள். டப்பா மேல் ஒரு எண் இருக்கும். பல்லை ஒவ்வொன்றாக நிறுத்தி, கடிக்கிற இடம் பார்த்து, டப்பாவை மூடி அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட வேண்டும். அதோடு சரி. அது யார் வாயில் போய் உட்கார்ந்தது, அந்த வாய் அதை வைத்துக்கொண்டு எதைத் தின்றது, யாரைத் திட்டியது, ஒன்றும் தெரியாது.

ஒருநாள் வந்த அச்சில் மேல் முன்பல்லின் நுனியில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது, அரத்தால் ராவினது போல. எப்படி வந்திருக்கும்? அவளுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள்.

"சார், இது யாரோடது?"

"டப்பா மேல நம்பர் இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன? போட்டோவும் வேணுமா உனக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் தன் மேஜைக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் அந்தப் பள்ளம் அவள் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

பிறகொரு நாள் சின்ன ஊர் ஒன்றிலிருந்து ஒரு டாக்டரம்மா லேபுக்கு மாடியேறி வந்தார். கையில் ஒரு பல் செட். "இதை யார் பண்ணினது?" என்று கேட்ட குரலிலேயே கோபம் தெரிந்தது. பல்லக்கா எழுந்து நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வந்ததோ வேறு.

"இதைப் போட்டவர் எந்தப் பக்கமா மெல்லுறார் டாக்டர்?"

டாக்டரம்மாவுக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது. அவளை மேலும் கீழும் பார்த்தார். "எங்க ஊருக்கு வந்து நீயே அவரைக் கேளேன்," என்றார். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது அது. அவள் அந்தப் பேச்சை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கணவனுக்கு நகரம் என்றால் உயிர். பார்சல் வண்டி ஓட்டுகிறவன். நெரிசலில் சந்து பொந்தெல்லாம் புகுந்து வெளியே வருவதில் அவனுக்கு ஒரு பெருமை. "ஒரு வருஷம்," என்றான் கடைசியில். "ஒரே வருஷம். உன் ஆசை தீர்ந்ததும் மூட்டையைக் கட்டிடணும்."

ஊருக்கு வந்த புதிதிலேயே தையல்காரம்மா ரவிக்கைத் துணியை மடியில் போட்டுக்கொண்டு நூலைப் பல்லால் கடித்து அறுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஓடிப்போய், "கொஞ்சம் வாயைத் திறங்கக்கா," என்றாள். மேல் முன்பல்லின் நுனியில் அதே பள்ளம், நூல் கடித்துக் கடித்து விழுந்தது! லேபுக்கு வந்த அச்சு இவருடையது இல்லை. ஆனாலும் அன்று அவளுக்கு வீட்டுக்குப் போகவே மனமில்லை. "உன் பொண்டாட்டி என் வாயைப் பார்த்து அழுதா தம்பி, எனக்குப் பயமாப் போச்சு," என்று தையல்காரம்மா அவள் கணவனிடம் சொன்னார்.

ஒரு வருஷம் இரண்டாகி, இரண்டு நாலைந்தானது. அப்போதுதான் அண்ணன் ஃபோன் செய்தார். லேபில் அந்த மேற்பார்வையாளர் ஓய்வு பெறுகிறார், அந்த இடம் இவளுக்கு. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். மாப்பிள்ளைக்கும் ஒரு கூரியர் கம்பெனியில் நிரந்தர வேலை பேசி வைத்திருக்கிறார்.

"அங்க என்னம்மா இருக்கு?" என்றார். "ஒரு சிக்னல் கூட கிடையாது. சிவப்பு விளக்கு பார்க்கணும்னா கூட பஸ் ஏறி வரணும்."

கணவன் வண்டியைக் கழுவித் துடைத்தான், பரணில் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினான், பாட்டு வேறு முணுமுணுத்தான். சொன்ன சொல்லுக்கு மேல் இத்தனை வருஷம் அவன் பொறுத்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாதா? போகலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். ஒரே ஒரு முள் தைத்துக்கொண்டிருந்தது. ஏலக்காரரின் பல் செட்.

காய்கறி மண்டியில் ஏலம் விடுகிறவர் அவர். மேல்வரிசை முழுக்க அவள் செய்தது. பொருத்திப் பார்த்த அன்று டாக்டரம்மா வழக்கம்போல ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னார். அவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பவ்யமாக எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தது. அறைக்குள் உட்கார்ந்து யாரும் ஏலம் விடுவதில்லையே. கொஞ்ச நாளில் தையல்காரம்மாதான் வந்து சொன்னார்.

"ஏன் பல்லக்கா, நீ செஞ்ச பல்லு மண்டியில விசில் அடிக்குதாமே?"

அவர் தொண்டை கிழியக் கத்தும்போது மட்டும் பல்லுக்கும் நாக்குக்கும் நடுவில் காற்று சீறிக்கொண்டு வருகிறதாம். பல்லக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சொல்லியனுப்பினாள், எடுத்துக்கொண்டு வாருங்கள், சரிசெய்து தருகிறேன் என்று. அவர் வரவில்லை. தெருவில் அவளைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார். அத்தனை கோபம் போலும் என்று அவள் உள்ளுக்குள் குமைந்தாள்.

"அதை மட்டும் சரிபண்ணிட்டா கிளம்பிடலாங்க," என்றாள் கணவனிடம்.

"அவ்வளவுதானே?" என்றான் அவன். "அந்த மனுஷனைக் குண்டுக்கட்டா தூக்கிட்டு வந்தாவது உன் மேஜையில உட்கார வைக்கிறேன் பாரு."

விடிந்ததும் வண்டியை எடுத்தான். அவளும் ஏறிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் மண்டிக்குள் போனதே இல்லை. தரையெல்லாம் ஈரம், கோஸ் இலை, சாக்குக் கயிறு. தக்காளிப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு. நடுவில் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் ஏலக்காரர் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் வியாபாரிகள் ஆளாளுக்கு விலை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்..." அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "சரி!"

அந்தச் 'சரி'யோடு ஒரு விசில் கிளம்பியது. நெட்டுக்குத்தாக, கூர்மையாக, மண்டியின் தகரக் கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. அத்தனை சத்தமும் அப்படியே அடங்கியது. பெட்டி கைமாறிவிட்டது.

"இது என்னங்க மந்திரமா?" என்றான் கணவன், பக்கத்தில் நின்ற வெங்காயக்காரம்மாவிடம்.

"முன்னெல்லாம் இங்க தினமும் அடிதடி தம்பி," என்றார் அந்தம்மா. "மூணு தரம் சொன்னதுக்கப்புறம் ஒருத்தன், நான் முன்னாடியே கேட்டேன்பான். இன்னொருத்தன், நீ கேட்டது எனக்குக் கேக்கலைம்பான். சட்டையைப் பிடிச்சுக்குவாங்க. இப்போ விசில் வந்துச்சா, கதை முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி கேட்டா உண்டு, பின்னாடி கேட்டா கிடையாது. யாரோ புண்ணியவதி செஞ்சு குடுத்த பல்லு."

பல்லக்காவுக்குக் காது சூடானது. புண்ணியவதி தூணை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் ஏலக்காரர் அவளைப் பார்த்துவிட்டார். பெட்டியிலிருந்து குதித்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வேணாம்மா!" என்றார் கைக்குள்ளிருந்து. "என்ன வேணாலும் கேளுங்க. கிட்னியைக் கேளுங்க, தர்றேன். இதை மட்டும் கேக்காதீங்க."

"சரிபண்ணித் தரத்தான்யா வந்திருக்கோம்," என்றான் கணவன்.

"அதுக்குத்தானே நான் ஓடிக்கிட்டிருக்கேன்!"

"அண்ணன் பல்லுல கைவைக்காதீங்க!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "நாங்க எல்லாம் உசிரோட இருக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா?" என்றது இன்னொரு குரல். மண்டியே சிரித்தது. பல்லக்காவும் சிரித்துவிட்டாள்.

அவள் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் ஏலக்காரர் கையை எடுத்தார். ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதாம்மா ரொம்ப நாளா நினைப்பு. வாயைத் திறந்தா பிடுங்கிடுவீங்களோன்னு பயந்துட்டேன். தினமும் இதைக் கழட்டிக் கழுவுறப்போ கை நடுங்குது. கீழ விழுந்து உடைஞ்சுட்டா? இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு வைங்க. இதே விசிலோட."

அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். செய்யத் தெரியாமல் செய்த தப்பு அது. எந்த இடத்தில் நேர்ந்தது? முன்பல் ஒரு நூல் அளவு முன்னால் போய்விட்டதா? மேலண்ணப் பக்கம் கனமாகிவிட்டதா? தப்பைத் திருத்த அவளுக்குத் தெரியும். அதே தப்பை மறுபடியும் செய்ய எப்படி?

"இன்னொரு தடவை கத்திச் சரின்னு சொல்லுங்க," என்றாள்.

சொன்னார். விசில் வந்தது. பின்னாலிருந்த வியாபாரி, "யாருக்குப் போச்சு?" என்று பதறினார்.

திரும்பும் வழியில் கணவன் வண்டியை ஓட்டினான். அவள் நாக்கை மேலண்ணத்தில் வைத்து வைத்து எடுத்து, காற்றை விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இதை லேபுல உட்கார்ந்து பண்ண முடியாதா?" என்றான்.

"அங்க யாருங்க எனக்குக் கத்திக் காட்டுவாங்க?"

அவன் வண்டியை ஓரங்கட்டினான். ஸ்டீயரிங்கை இரண்டு தட்டு தட்டினான்.

"உன் ஆசை தீராது," என்றான். "ஒரு வருஷத்துல தீர்ந்துடும்னு நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"நீங்க போகணும்னா போகலாங்க. நான் சொன்ன சொல்லு மாறமாட்டேன்."

"போய்? அங்க வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு, பஸ்ஸுல வர்றவன் போறவன் வாயையெல்லாம் பார்த்து அடி வாங்கப் போற." பெருமூச்சு விட்டான். "மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை சிட்டிக்குப் போறோம். உங்க அண்ணன் வீட்டுக்கு இல்ல. சும்மா சுத்துறதுக்கு. நெரிசல்ல நான் வண்டி ஓட்டணும். நீ பக்கத்துல உட்கார்ந்து பயப்படணும். சம்மதமா?"

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அன்று கண்ணைத்தான் பார்த்தாள்.

"சம்மதம்," என்றாள்.

அண்ணனுக்கு ஃபோன் செய்தபோது அவர் முதலில் நம்பவில்லை. "விசிலா? ஒரு விசிலுக்காகவா மேற்பார்வையாளர் வேலையை விடற?" என்றார். "ஆமாண்ணே," என்றாள். வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் ஃபோனை வைத்துவிட்டார். பல மாதம் பேசவில்லை.

ஏலக்காரருக்கு இதுவரை மூன்று மாற்று செட் செய்தாகிவிட்டது. முதலாவது எவ்வளவு கத்தினாலும் சத்தமே போடவில்லை. இரண்டாவது விசில் அடித்தது, ஆனால் இருமல் மாதிரி கரகரத்தது. மூன்றாவது ஏறக்குறைய வந்துவிட்டது, மண்டிக்காரர்கள் மட்டும் அது பழையது மாதிரி இல்லை என்கிறார்கள். மூன்றும் பின்னறை அலமாரியில் தண்ணீர்க் கிண்ணங்களில் இருக்கின்றன. கணவன் பக்கத்து ஊர்களுக்குப் பார்சல் எடுத்துப் போகிறான், வாரம் ஒருமுறை இந்த ஊரைத் திட்டுகிறான், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நகரத்து நெரிசலில் அவளைப் பயமுறுத்துகிறான். அண்ணன் இப்போது பேசுகிறார். போன மாதம் அவருக்கே ஒரு கடைவாய்ப் பல் ஆட்டம் கண்டிருக்கிறது, பஸ் ஏறி இங்கேதான் வருகிறார். பழைய மேல்வரிசை இன்னும் உடையவில்லை. விசில் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு இன்னும் தெரியாது.