ஆன்சல் கிராப்ட்ரீ தள்ளிய வண்டி

ஆன்சல் கிராப்ட்ரீக்கு ரகசியம் பேச வராது. அவன் பிறந்த அன்று அழுத அழுகையில் பக்கத்துப் பண்ணைக் குதிரை வேலியை உடைத்துக்கொண்டு ஓடியது. அக்கா ஃபிலீனா அதைக் கண்ணால் பார்த்தவள். வளர்ந்ததும் பன்றிகளை ஏலம் விடப் போனான். ஹார்லன் கவுண்டி என்ற அந்த மாவட்டத்தில் தேர்தல் முடிவை நீதிமன்றப் படியில் நின்று வாசிக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஃபிலீனா அவன் சட்டைக் கழுத்துக்குக் கஞ்சி போட்டு அனுப்பிவிட்டு, தானும் போய் முன்னால் நிற்பாள்.

1880இல் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குக் கார்ஃபீல்டுக்கும் ஹான்காக்குக்கும் போட்டி. கிராப்ட்ரீ வீட்டில் எல்லோரும் ரிபப்ளிகன்கள், கார்ஃபீல்டு பக்கம். ரொட்டிக்கடை டோபியாஸ் கிளிங்கர் டெமாக்ரட், ஹான்காக் பக்கம். கவுண்டியில் எவன் கட்சி தோற்கிறதோ, அவன் மற்றவனைத் தள்ளுவண்டியில் வைத்துக் கடைத்தெரு முழுக்கத் தள்ள வேண்டும் என்று இருவருக்கும் பந்தயம். டோபியாஸ் மூன்று மாவு மூட்டை கனம்.

அந்தக் காலத்தில் ஓட்டுச்சீட்டை அந்தந்தக் கட்சியே அச்சடித்து ஓட்டுச்சாவடி வாசலில் நீட்டும். ஆன்சல் தன் கட்சிச் சீட்டை வாங்கினான். அடுப்புப் பற்றவைக்க ஆகும் என்று டோபியாஸைச் சீண்டி, அவன் நீட்டியதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே ஓட்டுப் போடப் போனான்.

மறுநாள் மத்தியானம் கடைசி ஊரின் கணக்கும் வந்தது. ஆன்சல் வாசித்தான். ஹான்காக் 1,412. கார்ஃபீல்டு 1,411. குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. ஃபிலீனாவுக்கு அந்தத் தோல்வியிலும் பெருமைதான்.

வியர்வை துடைக்கக் கைக்குட்டையை இழுத்தபோது மடித்த சீட்டு ஒன்று கூடவே வந்தது. பிரித்தான். கார்ஃபீல்டு சீட்டு. இன்னொரு பையையும் துழாவினான், டோபியாஸ் கொடுத்த சீட்டைக் காணோம். அக்காவின் காதோரம் குனிந்தான்.

"அக்கா, சீட்ட மாத்திப் போட்டுட்டேன்."

நீதிமன்ற மைதானமே திரும்பிப் பார்த்தது.

"பொம்பளைக்கும் ஓட்டு இருந்தா நானாவது ஒழுங்காப் போட்டிருப்பேன், போடா," என்றாள் ஃபிலீனா.

அந்த ஒரு சீட்டு சரியாக விழுந்திருந்தால் முடிவே தலைகீழ் என்று எல்லோருக்கும் கணக்குப் புரிந்தது. சொந்தக் கட்சிக்காரர்கள் அவனைக் குதிரைத் தொட்டியில் முக்கலாமா என்று பேசிக்கொண்டார்கள். டோபியாஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான்.

"இவன் நமக்குப் போட்ட ஆளுப்பா. இவனையா தள்ள விடுறது? ஏத்துங்க வண்டில, நான் தள்ளுறேன்."

ஆன்சலுக்கு முகம் வெளுத்தது. அந்த வண்டியில் ஒருமுறை உட்கார்ந்தால் சாகும்வரை அவன் டெமாக்ரட்தான், ஊர் விடாது.

"கைதான்யா தப்புப் பண்ணுச்சு. நான் கட்சி மாறல. நீ ஏறு."

"முடியாது. நம்ம கட்சி ஆள நானே வேல வாங்குறதா?"

ஆன்சல் கெஞ்சினான். ஆற்றுக்கு அக்கரையில் துணி உலர்த்தியவர்கள்கூட நின்று கேட்டார்கள். கடைசியில் டோபியாஸ் பெரிய மனது பண்ணி ஏறி உட்கார்ந்தான். வண்டி முனகியது.

மேட்டில் சக்கரம் சேற்றில் புதைந்து நின்றது. உடனே இரண்டு டெமாக்ரட்கள், நம்ம ஆள் தனியாகக் கஷ்டப்படுகிறான் என்று கைகொடுக்க ஓடிவந்தார்கள். ஃபிலீனா அவர்களை முழங்கையால் ஒதுக்கி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வண்டியின் ஒரு பிடியைப் பற்றினாள்.

"தள்ளுறதுக்கு எங்க வீட்லயே ஆளு இருக்கு," என்றாள்.