வேனில் போடக் கூடாத பாட்டு

இந்த ஊரில் பாட்டுக் கேட்பதற்கு முன்னால் கை கழுவ வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உட்ரெக்ட் என்ற ஐரோப்பிய நகரத்தில் நான் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு இசைத்தட்டுக் கடை இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே போவேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார். மூலையில் ஒரு குழாய், சோப்பு, வெள்ளைத் துண்டு. கழுவித் துடைத்துவிட்டு வந்தால்தான் தட்டு கைக்கு வரும். அதையும் ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும், தலை நிற்காத பிள்ளையை வாங்குகிற மாதிரி. கோயிலுக்குக்கூட நான் இவ்வளவு சுத்தபத்தமாகப் போனதில்லை. சரி, இத்தனை மரியாதையும் எதற்கு? போன வாரம் கழுவிய கையோடு நான் வாங்கி வந்தது, ஒரு டென்மார்க்காரர் தன் வீட்டு ஜன்னலில் மழை பெய்வதைப் பதிவு செய்து, நடுநடுவே பியானோவில் ஒரு கட்டையைத் தட்டி வெளியிட்ட ஆல்பம். முன்பக்கமும் மழை, பின்பக்கமும் மழை. எங்கள் எம். புதுப்பட்டியில் தூறல் விழுந்தால் காயப்போட்ட பட்டாசுச் சரக்கை அள்ளிக்கொண்டு ஓட வேண்டும். இவருக்கு அதை உட்கார்ந்து கேட்கப் பொழுது இருக்கிறது. கொடுத்துவைத்த மனுஷன்.

எனக்கு இதெல்லாம் பேச என்ன தகுதி என்று ஊரில் இருந்து படிப்பவர்கள் கேட்கலாம். சிவகாசியில் காலண்டர் அச்சடித்துக்கொண்டிருந்தவன் நான். இங்கே இசைத்தட்டுகளுக்கு உறை அச்சடிக்கிற கம்பெனியில் வேலை. அச்சான ஒவ்வொரு ஆல்பத்திலும் ஒன்று எங்களுக்கு இலவசமாக வரும். அதனால் உலகத்தில் யார் எந்த மூலையில் உட்கார்ந்து அறுத்தாலும் அது என் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. நார்வேக்காரர்களின் மெட்டல் இசை ஆல்பம் ஒன்று வந்தது. கறுப்பு மேல் கறுப்பு மை, குழுவின் பெயரைப் படிக்கக் கருவேலமுள்ளுக்குள் கையை விட்ட அனுபவம் வேண்டும். பாடகர் எல்லாம் எரியட்டும், எல்லாம் எரியட்டும் என்று கத்துகிறார். எரிவது என்றால் என்னவென்று பார்த்தவன் அப்படிக் கத்த மாட்டான். அடுத்து ஒரு ஜாஸ். மூன்று பேர் வாசிக்கிறார்கள், மூன்று பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது. கேட்டால் அதுதான் சுதந்திரமாம். எங்கள் பஞ்சாயத்துக் கூட்டத்தில் அந்தச் சுதந்திரம் தாராளமாக உண்டு, அதற்கு யாரும் உறை அச்சடிப்பதில்லை.

நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சென்னையிலிருந்து வந்த ஒரு ஃபியூஷன் ஆல்பத்தில் வீணையையும் கம்ப்யூட்டர் தாளத்தையும் பிடித்து வைத்துக் கட்டாயக் கல்யாணம் செய்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்கவில்லை. அப்பா வாங்கிக் கொடுத்த காரில் சாய்ந்துகொண்டு பசியைப் பற்றி ராப் பாடுகிற பிள்ளைகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் புலம்பெயர்ந்த தமிழர்களின் ஆல்பங்கள், அவற்றை நினைத்தால்தான் எனக்கு வயிற்றெரிச்சல். முதல் பாட்டு தாய்மண்ணே, இரண்டாவது தாவணி, மூன்றாவது ஆற்றங்கரை. பாடுகிறவர் பிறந்து வளர்ந்தது லண்டன் புறநகரில். எங்கள் பக்கத்து ஆற்றில் தண்ணீரைப் பார்த்த பெண்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். என்னைப் போல இங்கே குளிரில் கிடப்பவர்கள் அந்தப் பாட்டைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். துடைத்துக்கொள்ளட்டும், நமக்கென்ன.

இந்தக் குப்பைமேட்டில் ஒரே ஒரு ஆல்பம்தான் என்னை உட்கார வைத்தது. லாட்வியா நாட்டுப் பெண் ஒருத்தி, தன் தம்பி செத்த பிறகு செல்லோ என்கிற பெரிய பிடிலில் தனியாக வாசித்தது. பேச்சில்லை, தாளமில்லை, மெதுவாக இழுத்து இழுத்து ஒரே துக்கம். இசை என்றால் இது என்று சொல்லிக்கொண்டேன். அதைக் கேட்டபோது நானும் கை கழுவியிருந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

என்னோடு வேலை செய்யும் மார்லீன் ஒருநாள் காப்பி இடைவேளையில் கேட்டாள், "உங்கள் ஊரில் மக்கள் பாட்டு எங்கே கேட்பார்கள்?"

"வேனில்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "ஆகா! நாங்களும் கோடையில் வேன் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவோம். ஜாலியான ஊர்!" என்றாள். எங்கிருந்து ஆரம்பிப்பது? சிரித்துவைத்தேன். ஜாலியான ஊர் என்று அவள் மற்றவர்களிடமும் போய்ச் சொல்லிவிட்டாள்.

அது உல்லாச வேன் இல்லை. பொழுது விடியும்போதே ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு பட்டாசுக் கம்பெனியில் இறக்கிவிடுகிற வேன். கம்பெனிக்குள் போன் கூடாது, ரேடியோ கூடாது, செருப்புக்கூடக் கூடாது. ஊருக்கெல்லாம் சத்தம் செய்து அனுப்புகிறவர்கள் நாள் முழுக்கச் சத்தமில்லாத அறையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே அவர்களுக்குப் பாட்டு என்றால் போகும்போதும் வரும்போதும் வேனில் கேட்பதுதான். எந்த வேனில் நல்ல பாட்டு ஓடுகிறதோ அந்தக் கம்பெனிக்கு ஆள் சேரும். சீசன் நேரத்தில் ஆள் கிடைக்காமல் அலைகிற போர்மேன்கள், டிரைவரிடம் டயர் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை, பென்டிரைவில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். விருதுநகரில் போய்ச் சொன்னால்கூட நம்ப மாட்டார்கள்.

என் அக்கா புருஷன் கருப்பசாமி மச்சான் அப்படி ஒரு வேன் ஓட்டுகிறார். அக்கா முன்பு பட்டாசுக்குத் திரி வைக்கிற அறையில் இருந்தவள். மச்சான் வேன் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் அவளைக் கம்பெனியை விட்டு நிறுத்த முடிந்தது. வேன் இருக்கிற வரைக்கும் அவள் வீட்டில் இருக்கலாம், இல்லையென்றால் திரும்ப அந்த அறைக்குத்தான் போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

மச்சானின் பென்டிரைவில் ஒரே ஒரு ஆல்பத்துக்குத்தான் எப்போதும் ராஜமரியாதை. 'வேட்டுக்காரி' என்று பெயர். சாத்தூர்ப் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டி இருவர் பாடியது. இதுவரை சொன்ன அத்தனை குப்பையையும் விட இது பெரிய குப்பை, இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஒரே கீபோர்டு, ஒரே தாளம், நடுவில் கழுத்தைப் பிடித்த மாதிரி ஒரு விசில். ஆண் கேட்பான், "அத்த மகளே, நீ ஒத்த வெடியா, சர வெடியா?" பெண் பதில் சொல்வாள், "கிட்ட வந்து பத்தவச்சுப் பாரு மாமா, புரியுமய்யா!" இதைப் பாட இரண்டு பேர், வாசிக்க ஒரு ஆள், உறையில் ரோஜாப்பூவுக்குப் பக்கத்தில் ஒரு புலி. புலி எதற்கு என்று அச்சடித்தவனுக்கும் தெரியாது. போன தடவை விடுமுறையில் அந்தப் பாட்டை அணைக்கச் சொல்லி மச்சானோடு சண்டையே போட்டேன். "ஏலே மாப்ள, ஒனக்குப் பிடிக்கலன்னா காதப் பொத்திக்க. பேச்சிக்குப் பிடிக்கும்லே" என்றார்.

பேச்சியம்மா கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவள். அந்தப் பாட்டில் ஆண் கேட்டு முடித்ததும், பதிலை இவள்தான் கத்துவாள். பாடகியின் குரல் யாருக்கும் கேட்காது. வேனே சிரிக்கும்.

இந்த வருஷம் ஆவணியில் நான் ஊருக்குப் போனபோது பேச்சியம்மா இல்லை. அவள் வேலை பார்த்த அறையில் தீப்பிடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. காரியமெல்லாம் முடிந்து, கம்பெனியையும் திறந்துவிட்டார்கள். மச்சான் மட்டும் பாட்டைத் திறக்கவில்லை. வேன் ஊமையாகப் போய் ஊமையாக வந்தது. ஒவ்வொருத்தியாகப் பெண்கள் வேறு கம்பெனி வேனில் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். போர்மேன் வீட்டுக்கே வந்து, "கருப்பசாமி, திங்கக்கெளம வேன் நெறஞ்சு வரல, ட்ரிப்ப வேற ஆளுக்குக் குடுத்துருவேன். சீசன் நேரத்துல என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அக்கா கொடியில் கிடந்த துணியை மடிக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே மடித்த துணியையும் பிரித்து மடித்தாள். 

அப்போதுதான் என் மேதாவித்தனம் வேலை செய்தது. பாட்டில்லாமல்தானே ஆள் போகிறது, பாட்டுப் போடுவோம். துக்கத்துக்கு மரியாதையான பாட்டாகப் போடுவோம். அந்த லாட்வியாப் பெண்ணின் செல்லோவை மச்சானின் பென்டிரைவில் ஏற்றினேன். மச்சான் சந்தேகமாகப் பார்த்தார். "வெளிநாட்டுக்காரங்க துக்கத்துக்கு இதத்தான் போடுவாங்க மச்சான். நம்பிப் போடுங்க" என்றேன்.

சனிக்கிழமைக் காலையில் மச்சானுக்குப் பக்கத்தில் நானும் ஏறிக்கொண்டேன். பாதி வேன் காலி. மிச்சமிருந்த பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செல்லோ ஆரம்பித்தது. கரிசல் காட்டுக்கு நடுவே, குண்டும் குழியுமான ரோட்டில், அந்த இழுவை வேனை நிரப்பியது. எனக்குப் புல்லரித்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தர் மூஞ்சியிலும் ஈயாடவில்லை. ஒரு சின்னப் பெண் தேம்ப ஆரம்பித்துவிட்டாள். சரி, இசை வேலை செய்கிறது என்று நினைத்தேன் பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

"ஏய்யா, வண்டிய நிறுத்துங்க" என்று ஒரு குரல். முனியம்மாக்கா. அந்த வேனிலேயே மூத்தவள், பேச்சியம்மாவோடு ஒரே அறையில் வேலை பார்த்து, அன்றைக்கு லீவு போட்டதால் தப்பியவள். மச்சான் ஓரம்கட்டினார்.

"எங்கள எங்க கூட்டிட்டுப் போறீக? கம்பெனிக்கா, எளவு வீட்டுக்கா?"

நான் எழுந்து, இது மட்டமான பாட்டில்லை, பேச்சியம்மாவுக்கு ஒரு மரியாதைக்காக என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"தம்பி, அவளுக்குச் செய்ய வேண்டிய மரியாதைய நாங்க செஞ்சாச்சு. கொட்டடிச்சு, ஆடித்தான அனுப்புனோம்? வேட்டு மட்டுந்தான் போடல. இப்ப அதே மாதிரி ரூம்புக்குள்ள நாங்கள்ல போயி உக்காரணும்? கையி நடுங்காம வேல பாக்கணும் தம்பி. இதக் கேட்டா எனக்குக் கையி நடுங்குது. இந்தா பாருங்க." கையை நீட்டிக் காட்டினாள். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

முனியம்மாக்கா மச்சானைப் பார்த்தாள். "அம்புட்டுப் பேரும் ஏன் அடுத்த வேனுக்கு ஓடுறாளுகன்னு தெரியலையா அண்ணே ஒங்களுக்கு? சும்மா உக்காந்து வந்தா அவ சீட்டத்தான் பாக்கத் தோணுது. வேட்டுக்காரியப் போடுங்க."

"அது அவ பாட்டுல்லா ஆத்தா" என்றார் மச்சான். "எனக்குப் போட மனசு வரமாட்டேங்குது."

"அதுனாலதான் போடச் சொல்றோம்."

மச்சான் பட்டனை அமுக்கிச் செல்லோவை நிறுத்தினார். பிறகு போட்டார். அதே கீபோர்டு, அதே விசில். வேன் கிளம்பியது. ஆண் கேட்டான், ஒத்த வெடியா, சர வெடியா? பெண்ணின் பதில் வரும் இடத்தில் வேனில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் மடியில் இருந்த தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதன்முறையாக அந்தப் பாடகியின் குரல் எனக்குக் கேட்டது, நல்ல குரல்கூட இல்லை. இரண்டாவது தடவை ஆண் கேட்டான். அப்போது ஒரு கேடுகெட்ட ஆண்குரல், சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல், "கிட்ட வந்து பத்தவச்சுப் பாரு மாமா!" என்று கத்தியது. அந்தக் குரல் என்னுடையது. அந்த மட்டமான பாட்டு முழுக்க எனக்கு மனப்பாடம் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பிறகு முனியம்மாக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏ ஆத்தி, வெளிநாட்டு மாமாவப் பாருங்கடி!" என்று யாரோ சொல்ல, வேன் குலுங்கிவிட்டது. தேம்பிக்கொண்டிருந்த பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். மூன்றாவது தடவை பதிலை எல்லோருமாகக் கத்தினார்கள். மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். 

கம்பெனி வட்டாரத்தில் செய்தி பரவ ரொம்ப நேரம் ஆகாது. திங்கட்கிழமை வேன் நிறைந்துவிட்டது, சிலர் நின்றுகொண்டுகூட வந்தார்கள். போர்மேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அக்கா அன்றைக்குக் கறி எடுத்துக் குழம்பு வைத்தாள். இதைப் படித்துவிட்டு யாராவது, ஆகா, மக்களின் இசை, மண்ணின் இசை என்று கட்டுரை எழுத வந்தால் சொல்லிவைக்கிறேன், அது குப்பைதான். அந்தக் கீபோர்டுக்காரரை நேரில் பார்த்தால் நாலு கேள்வி கேட்பேன். லாட்வியாப் பெண்தான் உயர்ந்த கலைஞர். இதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி வேனில் போனேன். உட்கார இடமில்லை, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போனேன். வேட்டுக்காரி ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிக் கேட் வந்ததும் மச்சான் பாட்டைப் பட்டென்று அணைத்தார், அதுதான் ரூல். பாதி வரியில் நின்றுவிட்டது. பெண்கள் இறங்கினார்கள், செருப்பைக் கழற்றிப் போட்டார்கள், போனை வாட்ச்மேனிடம் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, அணைத்த இடத்திலிருந்து வாயாலேயே பாடிக்கொண்டு வரிசையாக உள்ளே நடந்தார்கள். என்னையும் அறியாமல் அவர்கள் பின்னால் நாலெட்டு வைத்துவிட்டேன்.

"சார், அங்கனயே நில்லுங்க. வெளியாளுக உள்ள வரக் கூடாது" என்றார் வாட்ச்மேன்.

நின்றேன். சட்டைப்பையில் உலகத்து ஆல்பங்களையெல்லாம் வைத்திருக்கிற போன். பாட்டின் மீதி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்தக் குப்பைப் பாட்டின் கடைசி வரி காதில் விழாதா என்று கம்பி வேலியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.